ஐந்து மணிக்குள் வராவிட்டால்

"ரூம் ஏற்கெனவே உங்க பேர்ல போட்டிருக்கே, மேடம்" என்றாள் ஐயோவா மோட்டல்காரி.

என் மனைவி மார்லிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாங்க இப்பதான் முதல் தடவையா கூப்பிடறோம்."

"ஜனவரி பன்னிரண்டு. ஹார்லன், மார்லிஸ், ரெண்டு பேர். தரைத்தளம், கதவுக்குப் பக்கத்துல. செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் சொல்லி வச்சார்."

"என்ன பேர் சொன்னார்?"

"உங்க பேரைத்தான் சொன்னார்."

வடகோடியில் இருக்கும் எங்கள் டுலூத்திலிருந்து தெற்கே டெக்சாஸ் கடற்கரையிலுள்ள கால்வெஸ்டன் துறைமுகம் ஆயிரத்து நானூறு மைல். வழியில் மூன்று ராத்திரி, பிறகு உல்லாசக் கப்பல். முப்பது வருஷமாக மார்லிஸ் கடலைக் காட்டு என்கிறாள். இவ்வளவு காலம் ஊர் ஏரியைக் காட்டியே ஒப்பேற்றிவிட்டேன். இந்த வருஷம் அவள் விடவில்லை.

அடுத்து கன்சாஸுக்குப் போட்டாள். அங்கேயும் எங்கள் பேரில் ரூம் தயார். டெக்சாஸிலும் அதே கதை. வெளியே மைனஸ் இருபது. எனக்குக் கழுத்தில் வியர்த்தது.

"யாரோ நமக்கு முன்னாடி போயிட்டே இருக்காங்க, ஹார்லன்" என்றாள் மெதுவாக.

டெக்சாஸ்காரன் இன்னும் லைனில் இருந்தான். "இன்னொண்ணும் சொன்னார் மேடம். அஞ்சு மணிக்குள்ள நீங்க வந்து சேரலைன்னா, காத்திருக்காம ஒரு நம்பருக்குப் போன் பண்ணணுமாம். என்னையே ரெண்டு தடவை திருப்பிச் சொல்ல வச்சார்."

நம்பரை எழுதிக்கொண்டாள். எங்கள் ஊர் நம்பர்தான்.

"நம்ம லிஸ்ட் யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"யாருக்குத் தெரியாது? ஞாயித்துக்கிழமை சர்ச் காபி நேரத்துல மேசை மேசையா வாசிச்சேனே, எந்த மோட்டல் நல்லாயிருக்கும்னு கேட்டு."

"எல்லா மேசைக்கும் போனியா?"

"ஐனர் மேசைக்குப் போகலை."

அந்த மேசைக்கு யாருமே போவதில்லை. ஐனர் எதிர்வீட்டுக்காரன். போன ஜனவரியில் இதே கப்பலுக்கு, இதே சாலையில், அவனும் அவன் மனைவி ஃபிலிஸும் கிளம்பினார்கள். ஐயோவா எல்லையில் பனிப்புயல். வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவளை உள்ளே விட்டுவிட்டு உதவி தேடி நடந்தான். ஆட்களோடு திரும்பியபோது அவளுக்கு உயிர் இல்லை.

புயலில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். 'பெண்டாட்டியைப் பனிக்குக் கொடுத்துட்டு வந்தவன்' என்று முதலில் சொன்னது நான்தான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

மார்லிஸ் அந்த நம்பரைப் போட்டாள். நாலு ரிங் போனது. பிறகு ஒரு பெண்குரல், பாதிச் சிரிப்போடு:

"நாங்க வீட்டுல இல்ல. கடலைப் பார்க்கக் கிளம்பிட்டோம். திரும்பி வந்ததும் கட்டாயம் கூப்பிடறோம்."

ஃபிலிஸின் குரல்.

மார்லிஸ் போனை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள், சுட்டதுபோல. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் ஐனர் பனி அள்ளிக்கொண்டிருந்தான். அள்ளுவதை நிறுத்திவிட்டு எங்கள் ஜன்னலையே பார்த்தான்.

"வா, போய்க் கேட்கலாம்" என்றாள்.

"அவனுக்கு மூளை கலங்கிடுச்சு. நாம வேற ரூம் பார்த்துக்கலாம்."

"நீ வரலைன்னா நான் தனியாப் போறேன்."

பூட்ஸையும் கோட்டையும் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவளைத் தனியாக அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது.

"ஐனர், ரூம் போட்டது நீதானா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"ஆமா."

"எதுக்கு?"

அவன் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினான். "நாங்க ரூமே போடலை, மார்லிஸ். தூக்கம் வர்ற ஊர்ல தங்கிக்கலாம்னு கிளம்பிட்டோம். அதனால அன்னிக்கு நாங்க வந்து சேரலைன்னு தெரிஞ்ச ஆளே கிடையாது. உங்களுக்காவது மூணு ஊர்ல யாராவது வாசலைப் பார்த்துட்டு இருக்கட்டும்னு நினைச்சேன்."

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இந்தக் குளிரில் துடைக்காவிட்டால் இமை ஒட்டிக்கொள்ளும்.

"அந்தக் குரல்..."

"ஆன்சரிங் மெஷின்ல அவ பதிஞ்சு வச்சது. அழிக்க மனசு வரலை. பயந்துட்டியா? மன்னிச்சுக்க."

"நீ ஏன் வண்டியை விட்டு இறங்கினே?"

ஒரு வருஷமாக யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது.

"அவசர உதவிக்குப் போன் போட்டேன். மீட்பு வண்டிங்களே மாட்டியிருக்கு, மறுநாள் விடியணும்னாங்க. எங்க வண்டியில பெட்ரோல் தீர்ந்துட்டு இருந்துச்சு. டிராக்டர் வச்சிருக்கிற பண்ணை ஒண்ணு பக்கத்துலதான் எங்கேயோ இருக்குன்னு தெரியும், நம்பர் தெரியாது. அது தெரிஞ்ச ஒருத்தருக்கு மூணு தடவை போன் பண்ணிப் பார்த்தேன். எடுக்கலை. அப்புறம்தான் இறங்கி நடந்தேன்."

"யார் அது?"

"விடு மார்லிஸ். ஏதாவது வேலையா இருந்திருப்பாங்க."

இதைச் சொல்லும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பண்ணை என் தம்பி கர்ட்டிஸுடையது. அன்று மத்தியானம் திரையில் ஐனர் பேரைப் பார்த்ததும், கப்பல் பெருமை அடிக்கத்தான் கூப்பிடுகிறான் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன்.