ஒரு மடி மண்

தரிசாகக் கிடந்த சரிவில் வெள்ளத்தாயி நட்ட மரங்கள் இருபது வருடத்தில் காடாகிவிட்டன. ஆனால் சருகைக் கிளறினால் ஒரு பூச்சியும் ஓடவில்லை. யாரிடமும் சொல்லாமல் அவள் மேட்டிலிருந்த பழைய காட்டின் ஈரமண்ணைத் தினமும் மடியில் கட்டிவந்து மரத்தடியில் தூவினாள்.

ஆறு மாதம் கழித்து ஆராய்ச்சிக்கு வந்த ஜெரால்ட் அவள் மரத்தடி மண்ணை அள்ளிப் புனலிலிட்டு, மேலே பல்பை எரியவிட்டார். சூடு தாங்காமல் கீழிறங்கிய உயிர்கள் ஸ்பிரிட் குப்பியில் விழுந்தன.

"பூச்சியெல்லாம் தானாவே திரும்பி வந்திருச்சும்மா! பதினேழு வகை!"

அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஒண்ணும் அசையலையே, சார்."

"அசையாதும்மா. நாளைக்கு இன்னும் நாலு இடத்துல அள்ளணும்."

இன்றைய மண்ணை அவள் இன்னும் தூவியிருக்கவில்லை. மடிக்குள், வயிற்றை ஒட்டி, ஏதோ குறுகுறுத்தது.