வலது கால்

"ஸ்லோ, குயிக், குயிக்! ரும்பா டான்ஸுல ஆம்பள இடது கால்லதான் ஆரம்பிக்கணும். எத்தன தடவ சொல்றது?" எரிந்து விழுந்தார் ரூபி டீச்சர்.

மறுபடியும் வலது காலையே வைத்தார் ஆரோக்கியராஜ்.

"நாளைக்காவது ஒழுங்கா கத்துக்குங்க. கெளம்புங்க."

"சரிங்க டீச்சர்."

வீட்டிலிருந்து வெளியே வந்தவர், விழுப்புரம் ரயில்வே காலனியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பின்வாசல் வழியாக அதே வீட்டின் சமையலறைக்குள் நுழைந்தார்.

கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த மகள் பிரமிளா கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மா உனக்குக் கத்துக்குடுத்த ஸ்டெப்புதானேப்பா? ஏன் வேணும்னே தப்பா வைக்கிற?"

"நான் புருஷன்னே அவளுக்கு இப்ப ஞாபகமில்லம்மா. சரியா ஆடினா, 'அவ்ளோதான், போய்ட்டு வாங்க'ன்னு உடனே கைய வுட்டுடறா. தப்பா வச்சாதான் இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருக்கா."