ஜிம்மிக்குத் தைத்த படங்கு

“கொஞ்சம் இறுக்கிப் புடி மச்சான், நெளியுறான்” என்றார் காத்தமுத்து. சாக்கூசியால் அவர் தைத்துக்கொண்டிருந்தது நாய்க்கு ஒரு சட்டை.

தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு அது, தடித்த சாக்கு. பேச்சியம்மாவுடைய பழையது என்று கொண்டுவந்திருந்தார். பேச்சியம்மா வீரய்யாவின் கூடப்பிறந்த தங்கச்சி, காத்தமுத்துவின் மனைவி.

வீரய்யா நாயைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். ஜிம்மி சாக்கை ஒருதரம் மோந்து பார்த்தது. முதுகு மயிர் சிலிர்க்கப் பின்னால் இழுத்தது.

“துணி கட்டுனா நாய் அப்படித்தான் பண்ணும். இதுக்கு மேல எவன் பல்லும் எறங்காது. ஆனா கழுவிறாத. ஈரச் சாக்கு சளி புடிச்சிரும்.”

“கழுவாம விட்டா நாறாதா?”

“நாறுனா ஒனக்கென்ன? கொரோனாவுல மூக்குப் போன ஆளு. புண்ணியவான்.”

வீரய்யாவும் சிரித்துவிட்டார். அவர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. தோட்டத்துத் தலைவரை நம்பமாட்டார், கிராம சேவகரை நம்பமாட்டார், கடைக்காரன் தராசையும் நம்பமாட்டார். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஒரு மாடு, ஜிம்மி, அடுத்த லயத்து வீட்டில் இந்த மச்சான். அவரை மட்டும் நம்பினார்.

காலையில் பால் கேனோடு ரோட்டுக்கு இறங்கும்போது ஜிம்மி முன்னால் போகும். வழியில் பியதாசவின் உருளைக்கிழங்குத் தோட்டம். காவலுக்கென்று அவன் புதிதாக இரண்டு நாய் கொண்டுவந்திருந்தான். முதல் நாள் அவை வேலிக்குள் நின்று குரைத்ததோடு சரி. அதைப் போய்ச் சொன்னதற்குத்தான் மச்சான் ஊசியும் நூலுமாக வந்துவிட்டார்.

ஜிம்மியைக் கட்டிப்போடு, இல்லை கினிகத்தேனைப் பக்கம் யாருக்காவது கொடுத்துவிடு என்று அவர் சொல்லத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். காட்டோரத்திலிருந்து ஜிம்மி, யாரோ மிருகம் பிடிக்க வைத்த ஒரு கம்பிச் சுருக்கை இழுத்து வந்த நாளிலிருந்து. வீரய்யா அதைத் தோட்டத்து ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டார். வனவிலங்கு அதிகாரிகள் வந்து இரண்டு நாள் காட்டோரத்தைச் சல்லடை போட்டார்கள். வைத்தவன் அகப்படவில்லை. எந்தப் பாவி வேலையோ என்று லயமே கேட்கத் திட்டியவர் காத்தமுத்துதான்.

சட்டை போட்ட மறுநாள் இரண்டு நாயும் வேலியைத் தாண்டி வந்தன. வீரய்யா ஓடவில்லை. ஓடினால் விரட்டும் என்று அவருக்குத் தெரியும். ஜிம்மியை முதுகுக்குப் பின்னால் தள்ளி, குடையை அவற்றின் முகத்துக்கு நேரே பட்டென்று விரித்தார். மிரண்டு நின்றன. குடையை மடக்காமலே பின்னடி வைத்துத் தப்பினார். பால்தான் கொட்டிப்போனது.

காத்தமுத்து கேட்டுப் பதறினார். வந்து தையலை இன்னும் இறுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் குடை பிய்ந்தது. ஜிம்மியின் காது கிழிந்தது. விலக்கப் போன வீரய்யாவின் கையிலும் ஒரு பல் இறங்கியது.

“பியதாச ஏவி விடுறான் மச்சான். நாயக் குடுத்துத் தொல. இல்லாட்டி அது செத்துரும்” என்றார் காத்தமுத்து.

வீரய்யா எழுந்தார். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, ஜிம்மியையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஜிம்மி செத்தால் இன்னொரு நாயும் சாகட்டும் என்றுதான் போனார்.

பியதாச கத்தியைப் பார்த்ததும் இரண்டு நாயையும் சங்கிலியில் கட்டினான். வீரய்யாவின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்றான். கிழங்கைக் கிளறவரும் காட்டுப்பன்றிக்கென்று பழக்கிய நாய்கள் இவை, மனிதனையோ நாயையோ இதுவரை தொட்டதில்லை என்று சத்தியம் செய்தான். வீரய்யா நம்பவில்லை.

உடம்பில் வேறு காயம் இருக்கிறதா பார்ப்போம் என்று பியதாச தையலை அறுத்து, சாக்கை உருவித் தூரப் போட்டான். சங்கிலி அறுந்துவிடும்போல இரண்டு நாயும் பாய்ந்தன. பாய்ந்தது சாக்கைப் பார்த்து. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஜிம்மியை அவை திரும்பியும் பார்க்கவில்லை.

பியதாச போய்ச் சாக்கை எடுத்தான். முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான்.

“இது யாரு குடுத்தது?”

“என் தங்கச்சி படங்கு. மச்சான்தான் தச்சுக் குடுத்தாரு.”

 பியதாச சாக்கின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கறுப்பாய்க் காய்ந்த கறை.

“ஐயா, இது காட்டுப்பன்னி எறச்சி சுமந்த சாக்கு.”