மேலேயா, கீழேயா?

வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டதும் சுரங்கப் பொறியாளர் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். துளை போட்டு எடுத்த கல் மாதிரிகளை அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகை அது. ஒரே கதவு, ஒரே ஜன்னல். ஜன்னலிலும் கம்பி!

"யாரும்மா அது? விளையாடறீங்களா?"

"கம்பெனிக்கு என்ன சொல்லப்போறீங்கன்னு எங்க காதால கேக்கணும் சார். அப்புறம்தான் கதவு" என்றாள் மளிகைக்கடைக்காரம்மா.

அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். மருந்துக்குக்கூட ஓர் ஆண் இல்லை. வம்பு என்று வந்தால் பொம்பளைகளை முன்னால் தள்ளிவிட்டு ஒளிந்துகொள்கிறார்கள் என்று மனுஷர் பல்லைக் கடித்தார்.

அவர் சொல்லப்போவதைச் சொன்னால் தோலை உரித்துவிட மாட்டார்களா? தாது ஊருக்கு அடியிலேயே, அதிக ஆழமில்லாமல் கிடக்கிறது. மேலிருந்தே தோண்டி எடுப்பதுதான் சரி. ஆனால் வீடு வாசல் மொத்தமும் போய்விடும். இந்த ஊரில் முன்பு ஓடிய பழைய சுரங்கம் மாதிரி அடியில் குடைந்துகொண்டு போனால் வீடுகள் தப்பும்.

"சார், நாங்க என்ன சொல்றோம்னா..."

"தெரியும்மா, எல்லாம் எனக்குத் தெரியும்!" அவரிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. கட்டின மனைவிக்கே அந்தக் கொடுப்பினை இல்லை.

தகரம் கொதித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலை முகங்கள் அடைத்துக்கொள்ள, வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றுபோனது. வேலை கிடக்கட்டும், உயிர் முக்கியம். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், என் முடிவை மாத்திக்கிறேன். மேலேர்ந்து தோண்ட வேண்டாம். சுரங்கம் போட்டுக் கீழேயே போயிடலாம். ஊர்ல ஒரு வீட்டுலகூடக் கை வைக்க வேண்டாம்."

"நீங்களே சொன்னா அப்பீல் ஏது? அப்படியே வச்சுக்கலாம்" என்றார் மேலதிகாரி.

அப்பாடா! நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார். கைதட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தால், யாரோ விசும்பும் சத்தம்தான் கேட்டது. கதவு அசையவே இல்லை.

"என்னம்மா, அதான் சொல்லிட்டேனே! உங்க வீடெல்லாம் தப்பிச்சுது. தெறங்க!"

கடைக்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டை யாரு சார் கேட்டா? புருஷனை முழுங்கின சுரங்கத்துல புள்ளையையும் எறக்கச் சொல்றீங்களா?"