சாம்பிராணிப் பரீட்சை

"ஊது" என்றார் அல்போன்ஸ்.

இனாயத் ஊதினான். ஆபீஸிலிருந்து சாந்தோம் வீட்டு வாசலில் வந்து இறங்கிய கையோடு, அல்போன்ஸ் தம் டிரைவரின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். வெங்காய வாசனைதான் வந்தது. விரல்களையும் விடவில்லை. அவற்றில் கரி.

"வேகனுக்குள்ள சுருட்டு நாத்தம் அடிக்குது. நீதானே பிடிச்சே?"

"நான் வெத்தலகூட போட்றதில்ல சார். பின்னாடி கரி எரியுது இல்ல, அந்தப் பொகதான் கண்ணாடி சந்துல பூந்துகினு உள்ள வருது."

மறுக்கவும் வழியில்லை. 1943-ஆம் வருஷம். பெட்ரோல் ரேஷனுக்குப் போனதிலிருந்து அந்தப் பழைய ஸ்டேஷன் வேகன், முதுகில் ஓர் இரும்பு உருளையைச் சுமந்துகொண்டு கரி வாயுவில்தான் ஓடியது. பக்கவாட்டில் திறந்து மூட முடியாத நான்கு கண்ணாடிகள். ஒன்றில் நீள விரிசல். மற்ற மூன்றும் சட்டத்துக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

அல்போன்ஸ் தீர்ப்பு வழங்கினார். நான்கு கண்ணாடிகளையும் புதிதாக மாற்றி, காற்றுப் புகாமல் அடைத்துவிடுவது. அதற்குப் பிறகும் வாசனை வந்தால் இனாயத் வேறு வேலை தேடிக்கொள்வது. ஊரில் பாதிக் கார்கள் கொட்டகையில் தூங்கிய அந்த நாளில் டிரைவருக்கு வேறு வேலை ஏது? இனாயத்துக்கு வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

எதிர்த்தவர் அல்போன்ஸின் மனைவி பியாட்ரிஸ் ஒருவர்தான். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மணி அடித்ததும் இனாயத் தொழுகைக்குப் போய்விட, பகல் முழுவதும் பள்ளி மரத்தடியில் நிற்கும் வேகனில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பரீட்சைத் தாள் திருத்துவது அவர் வழக்கம். சந்துகளையும் அடைத்துவிட்டால் உள்ளே மனுஷி வெந்துபோவாள் என்றார். அல்போன்ஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை மெஹபூப் பாஷா வந்தார், நான்கு கண்ணாடிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. மயிலாப்பூரில் அவர் மாட்டிய கண்ணாடி ஆடியதாகச் சரித்திரம் இல்லை என்பது அவரே சொல்லிக்கொள்வது.

கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த பழைய மக்குப் பூச்சையெல்லாம் உளியால் சுரண்டி எடுத்தார். ரப்பர் முழுக்க ராணுவத்துக்குப் போய்விட்ட காலமாதலால், சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்துக் கண்ணாடி ஓரங்களில் சுற்றினார். சட்டத்தில் அழுத்தி உட்கார வைத்து, சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயும் பிசைந்த புது மக்கைக் கட்டை விரலால் சுற்றிலும் நெருக்கிக்கொண்டே வந்தார். இனாயத் பக்கத்திலேயே நின்று மூச்சு விடாமல் பார்த்தான்.

"உன் வேல இப்போ என் கட்ட வெரல்ல கீது நைனா" என்றார் பாஷா.

கடைசியில் பரீட்சை. ஒரு சட்டியில் நெருப்புப் போட்டு, கைநிறைய சாம்பிராணி தூவி, வேகனுக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்தினார். கதவு விளிம்புகளில் ஈரத்துணி திணித்தார். உள்ளே வெள்ளை மேகம் திரண்டு இருக்கைகள் மறைந்துபோயின. அல்போன்ஸ் ஒவ்வொரு கண்ணாடியாக மூக்கைத் தேய்த்தபடி இரண்டு சுற்று வந்தார். நூலளவு புகைகூட வெளியே கசியவில்லை.

"உள்ள கீற பொக வெளிய வர்ல. வெளிய கீற பொக எப்டி சார் உள்ள போவும்?" என்றார் பாஷா.

நியாயம்தான் என்று அல்போன்ஸ் கதவைத் திறந்தார். மொத்த மேகமும் முகத்தில் மோதியது. பூசை நினைவு வந்துவிட்டதோ என்னவோ, கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, கரியைக் கொளுத்தி அடையாறு வரை போய்த் திரும்பிப் பார்த்தார்கள். வழி நெடுக அல்போன்ஸ் முகர்ந்துகொண்டே வந்தார். மிச்சமிருந்த சாம்பிராணி மணத்தைத் தவிர வேறு வாசனை இல்லை. இனாயத் அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டதாகப் பிறகு அவன் மனைவி ஷகீலா சொன்னாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், ஆபீஸ் வாசலில் வேகனில் ஏறிய அல்போன்ஸ் ஏறிய வேகத்தில் இறங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பெல்லாம் வாசனைதான், இப்போது உள்ளே ஒரு சுருட்டுக் கடையே இருந்தது.

மறுநாள் காலை பாஷாவை ஆள் அனுப்பி வரவழைத்தார். ஒன்று கண்ணாடி பொய் சொல்கிறது, இல்லை டிரைவர் பொய் சொல்கிறான். எது என்று சொல்லும்படி கேட்டார்.

பாஷா நான்கு கண்ணாடிகளையும் விரலால் தடவினார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். குற்றம் சொல்ல ஓர் இடமாவது அகப்படாதா என்று அவரே ஏங்கியது போலிருந்தது. இனாயத் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சந்து இல்ல சார்" என்றார் பாஷா, தரையைப் பார்த்து.

காப்பி ஆறுகிறது, குடித்துவிட்டு வந்து சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்று அல்போன்ஸ் உள்ளே போனார். இனாயத் முகத்தைக் கழுவக் கிணற்றடிக்கு நடந்தான்.

விடைத்தாள் கட்டும் குடையுமாகப் பள்ளிக்குக் கிளம்பி நின்ற பியாட்ரிஸ், மெல்ல பாஷாவிடம் வந்தார். உள்வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவே சந்து இல்லையா பாய்?"

"எறும்பு பூராது டீச்சரம்மா."

"அப்ப ஒண்ணு வெச்சுடுங்க. இனாயத்தையும் விட முடியாது, என்னால சுருட்டையும் விட முடியாது."