பதினான்காவது கேள்வி

"டாக்சிக்காரர் உள்ளேயே உட்காரட்டும், டாக்டர். வெளியில குளிர் தாங்கல" என்று சொல்லிவிட்டுத்தான் பிரான்வின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி, தலையை நிமிர்த்தவே இல்லை.

மெல்போர்னில் ஜூலை மாதம் அப்படித்தான். காத்திருக்கும் அறையில் அந்த ஆள் பச்சைக் கம்பளிக் குல்லாவைக் கழற்றாமல், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை விழுங்கினார்.

மனநல மருத்துவர் டிரான்டர் அவளுடைய நோய்க்குறிப்பைப் புரட்டினார். பதினொரு வருட மனச்சோர்வு, எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. மிச்சமிருப்பது காளானிலிருந்து வந்த மருந்து ஒன்றுதான். அதைக் கொடுத்தால் ஆறு மணி நேரம் மனம் எங்கெங்கோ போய்வரும். இவள் அதைத் தாங்குவாளா என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை.

பகலில் என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"பின்னுவேன். வீட்டுல பச்சை நூல் நிறைய கிடக்கு. அதையேதான் பின்னிட்டிருக்கேன்." அதைச் சொல்லவே அவளுக்குக் கூசியது.

"இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு? சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய்தானே" என்றார் டாக்டர். அவள் கூசுவது நோய்க்காக என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

பதினான்காவது கேள்வி வந்தது. கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது மனச்சிதைவு நோய் உண்டா? உண்டு என்றால் அந்தக் காளான் மருந்து கிடையாது. ரத்த உறவில் அந்த நோய் இருந்தால், மருந்து அதை இவளுக்குள்ளும் கிளப்பிவிடலாம்.

"நான் ஒரே பொண்ணு, டாக்டர்."

பதில் பட்டென்று வந்தது. காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

டாக்டர் நம்பிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே மருந்து கொடுத்துவிடலாம் என்றார். பிரான்வினுக்கு அழுகை முட்டியது. இனிமேலாவது விடியும் என்று இத்தனை வருடத்தில் முதல் முறையாக நம்பினாள். நம்பிய கையோடு தன்மேலேயே அருவருப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரும் பேசிக்கொண்டே கூட வந்தார். அவளைப் பார்த்ததும் டாக்சிக்காரர் எழுந்து கைப்பையை நீட்டினார். முகமெல்லாம் பெருமை.

"அக்கா, உன் தம்பின்னு நான் யார்கிட்டயுமே சொல்லல."