முடி உதிராத டயர்

"டயர்ல முடிகூட உதிரல. அதுக்குள்ள கழட்டிப் போடச் சொல்றியே, இது அடுக்குமா?"

புதுப் பிக்கப் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகளைத் தடவிக்கொண்டே கேட்டார் லயல்.

"அது தார் ரோட்டு டயர், லயல்," என்றார் டயர் கடை டெனிஸ். "கம்பெனிக்காரன் டவுன் ஆளுங்களுக்காகப் போட்டு அனுப்பறது. உங்க பக்கத்துச் சரளைக்கல் ஒவ்வொண்ணும் கத்தி. உன் பழைய வண்டில கெடந்த அதே முரட்டு டயர் ஒரு செட் இருக்கு. மாத்திட்டுப் போ."

"புது டயரைக் கழட்டிட்டு, மறுபடி காசு கொடுத்து இன்னொரு புது டயரா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"மாத்திடேன்," என்றாள் மனைவி டொரீன். "இங்கேருந்து வீட்டுக்கு நூத்தெழுபது கிலோமீட்டர். வழியில ஒரே ஒரு வீடு. அதுவும் உன் தம்பி வீடு. அங்க வண்டி நின்னுபோனா என்ன பண்ணுவே?"

"மர்ரேயா? நான் செத்துக் கிடந்தாலும் தாண்டிப் போற ஆளு அவன்."

டெனிஸ் காதில் விழாத மாதிரி ஸ்பேனரைத் துடைத்தார்.

அப்பா போனதும் மாட்டுப் பண்ணையைப் பிரித்தபோது, ஒரு ஆழ்குழாய்க் கிணறு யார் பக்கம் என்று ஆரம்பித்த சண்டை. ஒன்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. குயின்ஸ்லாந்தின் அந்த மேற்குக் கோடியில், முன்பின் தெரியாத லாரிக்காரன் எதிரே வந்தால்கூட ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். மர்ரே அண்ணனுக்கு அந்த ஒரு விரலைக்கூடத் தூக்கியதில்லை. லயலும் தூக்கியதில்லை, ஆனால் அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

லயல் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, புது வண்டியைக் கம்பெனி டயரோடேயே வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

மறுநாளிலிருந்து வழக்கம்போல விடியற்காலையில் மாடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கப் போனார். மர்ரேயின் கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவன் எழுந்து வெளியே வருவதற்குள் தாண்டிவிடுவார். வண்டி பஞ்சு மாதிரி போயிற்று.

"பார்த்தியா? டெனிஸ் பிழைக்கத் தெரிஞ்சவன்," என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், திரும்பி வரும்போது, வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கையில் 'புஸ்'. டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் கிழிசல். கிழிந்த டயரோடேயே வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

டொரீன் குனிந்து டயரை ஒரு பார்வை பார்த்தாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஸ்டெப்னியைக் கழற்ற வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, வேறொரு வண்டி வந்து நின்றது. லயலுக்கு இரண்டு கறுப்பு ஷூக்கள் மட்டும்தான் தெரிந்தன. இந்தப் புழுதியில் எவன் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான்?

"டொரீன்..." என்றது ஒரு குரல். "நான் உள்ள வரலாமா?"

ஒன்பது வருஷமானாலும் அந்தக் குரல் தெரியாமல் போகுமா? லயல் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மர்ரே! என்ன இது, டை எல்லாம் கட்டிக்கிட்டு? கையில என்ன டப்பா?"

"கேக்கு. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடவா வர்றது?"

"யாரு செத்தா?"

லயல் வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார்.

மர்ரே அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"உயிரோடதான் இருக்கியா? அப்ப உன் வண்டித் தடம் எங்கடா போச்சு? தினம் கேட்டுக்கிட்ட போய்ப் பாப்பேன். நீ போன தடம், வந்த தடம். ரெண்டும் இருந்தாத்தான் எனக்கு டீ இறங்கும். மூணு நாளா அதைக் காணோம்! எவனோ டவுன்காரன் டயர்தான் போகுது, வருது. மொத நாள் டாக்டர்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் பாதிரியார்னு நெனச்சேன். இன்னிக்கும் அதே தடம்..."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான்.

"போன் பண்ணியிருக்கலாமே?" என்றார் லயல்.

"ஒன்பது வருஷம் பேசாதவன் போன்ல என்னன்னு கேக்கறது? செத்துட்டியான்னா?"

டொரீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

தாண்டிப் போகிற ஆள் என்று டெனிஸ் எதிரில் தான் சொன்னது லயலின் நெஞ்சில் குத்தியது. இத்தனை வருஷமும் தாண்டிப் போனது யார்?

"சரி, நான் கிளம்பறேன்," என்றான் மர்ரே.

"ஸ்டெப்னி கழல மாட்டேங்குது. வந்து ஒரு கை பிடியேன்."

மர்ரே வண்டியின் அடியை எட்டிப் பார்த்தான். பிறகு டையை அவிழ்த்துக் கேக் டப்பாவின் மேல் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு அண்ணனுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தான்.

கேக்கை மூன்று பேருமாகச் சாப்பிட்டு முடித்ததும், லயல் டெனிஸுக்குப் போன் போட்டார்.

"நாலு டயரையும் மாத்தணும்பா."

"சொன்னேன்ல! கல்லு கிழிச்சிடுச்சா? நேத்துதான் அதைவிட ஒஸ்தியா ஒண்ணு வந்திருக்கு, அதைப் போட்டுக்க."

"வேணாம். பழைய வண்டில இருந்த அதே டயர்தான் வேணும். மண்ணுல பதியற பட்டன் அச்சு கொஞ்சங்கூட மாறக்கூடாது."

"பட்டன்ல அப்படி என்ன இருக்கு?"

லயல் திரும்பிப் பார்த்தார். சமையலறையில் மர்ரே இரண்டாவது டீயை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என் தம்பிக்கு அதை மட்டுந்தான் படிக்கத் தெரியும்."